ஆராய்ச்சியிலிருந்து மலேசியப் பள்ளியின் படிவம் நான்கு வேதியியல் வகுப்புக்கு வந்த ஆசிரியர்கள்: கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்

மிண்டன்வாசி:
எட்டுக் குழுவும் 25.00 மில்லி என்றே எழுதிவைத்த அந்த டைட்ரேஷன்தான் (காரத்தோடு அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, எவ்வளவு தேவை என்று அளக்கும் சோதனை) இன்னும் உறுத்துகிறது. ஆராய்ச்சியை விட்டு வந்த புது ஆசிரியர், 0.1 மோலார் காரம் (சோடியம் ஹைட்ராக்சைடு), 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று கச்சிதமாகத் தயாரித்திருந்தார். வினை ஒன்றுக்கு ஒன்று. பைப்பெட்டில் காரம் 25 மில்லி எடுத்தால் விடை என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியாதா? அமிலம் இறங்கும் அளவுக்கோடிட்ட குழாயான பியூரெட்டை ஒருவரும் படிக்கவில்லை. ஒரு மேசையில் பியூரெட்டின் மேலிருந்த புனலைக்கூட எடுக்காமல் ஓட்டியிருந்தார்கள், அங்கேயும் 25.00!

அமிலத்தை மட்டும் மாற்றினால் போதும். அடர் அமிலம் ஏறக்குறைய 12 மோலார். அதில் 10 மில்லியைத் தண்ணீரில் ஊற்றி (தண்ணீரை அமிலத்தில் அல்ல) ஒரு லிட்டராக்கினால் 0.12. இப்போது 20.80 பக்கம் வர வேண்டும். 25 எழுதியவன் தானாக மாட்டிக்கொள்வான். 40 பிள்ளைகள், எட்டுக் குழு, குழுவுக்கு மூன்று ஓட்டம் என்றால் இரண்டு கரைசலும் தலா ஒரு லிட்டர் போதும். காரத்துக்கு 4 கிராம். அதை மெதுவாக நிறுத்தால் பினாங்கு ஈரத்தில் தராசிலேயே பிசுபிசுக்கும்; எடையில் ஒரு பகுதி தண்ணீர், டைட்டர் (தேவைப்படும் அமிலத்தின் அளவு) இறங்கும்.

செந்தூல் டீச்சர்:
மிண்டன் சார், கரைசலை விடுங்கள். ஆராய்ச்சிக்காரர்கள் கவிழ்வது வார்த்தையில். 2021 எஸ்.பி.எம். (பள்ளியிறுதி அரசுத் தேர்வு) முதல் வேதியியல் மூன்றாம் தாள் நேரடி அமாலி, அதாவது செய்முறைத் தேர்வு. அங்கே 'சாரா மாறி, சார்ந்த மாறி' என்று பல்கலைக்கழகப் பழக்கத்தில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை குழம்பும். பாடநூலில் இருப்பது மலாய்ச் சொற்கள்: டிமானிபுலாசிகான் (நாம் மாற்றுவது), பெர்கெராக் பாலாஸ் (அதனால் மாறுவது), டிமலார்கான் (மாறாமல் வைப்பது). கருதுகோளும் அப்படியே: 'செமாக்கின்... செமாக்கின்...' என்று, கூடக்கூட கூடும், கூடக்கூடக் குறையும் என்ற தோரணையில் வர வேண்டும். 'தாக்கம் உண்டு' என்று எழுதினால் எந்தப் பக்கம் என்று திருத்துபவருக்கு எப்படித் தெரியும்?

ஆயர் ஈத்தாம்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் அதிகம். முனைவர் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு அரசுப் பள்ளியில் நிரந்தர வேலையை எதிர்பார்க்காதீர்கள். நியமனம் எஸ்.பி.பி. (கல்விச் சேவை ஆணையம்) வழியாக, கல்வியியல் தகுதி இல்லாதவருக்கு முதுகலைக் கல்வி டிப்ளோமா தேவை. தனியார் பள்ளி என்றால் 1996 கல்விச் சட்டப்படி ஆசிரியராகப் பதிவோ பெர்மிட்டோ வேண்டும். பள்ளி நிர்வாகம் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொன்னால் அங்கேயே நின்று கேளுங்கள், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று. ஐ.ஜி.சி.எஸ்.இ. (கேம்பிரிட்ஜ் பன்னாட்டுத் தேர்வு) பள்ளிகளில் இன்னொன்று: செய்முறைத் தேர்வுக்குப் பதில் ஆறாம் தாள் என்ற எழுத்துத் தேர்வை எழுத வைக்கும் இடங்கள் உண்டு. அங்கே பிள்ளை பியூரெட்டைத் தொடாமலே தேர்வு எழுதிவிடும். பாடவேளை எத்தனை நிமிடம், ஆய்வக உதவியாளர் எத்தனை பேர் என்றும் நேர்காணலில் கேட்டுவிடுங்கள். சம்பளத்தைவிட அதுதான் உங்களைப் படுத்தும்.

மிண்டன்வாசி:
டீச்சர், வார்த்தை சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 20.8 என்று எழுதினால் என்ன செய்வீர்கள்? பியூரெட் கோடு 0.1, இரண்டு கோட்டுக்கு நடுவில் 0.05 படிக்கலாம், அதனால் 20.80, இல்லை 20.85. கூம்புக் குடுவையைக் காரத்தால் அலசுவதையும் தடுங்கள், தண்ணீர் மட்டும்தான். வேறு சோதனையில் பியூரெட்டில் காரம் ஊற்றியிருந்தால், முடிந்ததும் உடனே கழுவுங்கள். கண்ணாடிக் குழாய்த்திருகு ஒட்டிக்கொண்டால் அடுத்த வகுப்புக்கு ஏழு குழுதான்.