அரிசிப் பையோடு போன வீடுகள்

நம்மில் பலர் நம் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் ஏதாவது ஒரு சபையில் இருக்கிறோம், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை, இளையோர் இயக்கம், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியம் என்று. வீடு சந்திக்கப் போன இடத்தில் உங்களுக்கு மறக்காமல் நிற்பது எது? எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

எனக்குத் தூத்துக்குடி. வின்சென்ட் சபையில் சேர்ந்தபோது வயது 24, வேலை கிடைக்காமல் சும்மா இருந்த காலம், பக்தியெல்லாம் இல்லை, அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் சேர்ந்தேன். திங்கட்கிழமை மாலை கூட்டம். செபம் முடிந்ததும் ஒரு துணிப்பை கைமாறி வரும். மூடிய கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும், நூறு போட்டானா ஒன்றுமே போடவில்லையா என்று பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது. (முதல் இரண்டு மாதம் நான் வெறுங்கைதான்.) அப்புறம் இரண்டிரண்டு பேராக வீடு பிரித்துக் கொடுப்பார்கள்.

இந்தச் சபையே இப்படி வீடு தேடிப் போனதில் பிறந்ததுதான். 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரையும் அவருடைய தோழர்களையும், உங்கள் வேதம் இன்றைக்கு ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று விவாதத்தில் எதிர்த்துப் பேசிய ஒருவன் மடக்கிவிட்டான். பதில் சொல்ல முடியவில்லை. தங்களிடம் மிச்சமிருந்த விறகை ஒரு ஏழை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அங்கே குளிருக்கு விறகு, நமக்கு அரிசி. எந்த வீட்டுக்குப் போவது, போனால் எப்படி நடந்துகொள்வது என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அருட்சகோதரி ரோசலி. அந்த மாதிரி எனக்கு வாய்த்தவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி.

முதல் வீடு உப்பளத்துக்குப் போகிற பாதையில். ஒரு பாட்டி, வாழ்நாள் முழுக்க உப்பு சுமந்தவர். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் எங்கேயோ. நான் அஞ்சு கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் தூக்கிக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி வாசலில் நின்று "பாட்டி, உங்களுக்குத்தான்" என்றேன்.

"நான் கேட்டேனா?"

எனக்கு முகம் செத்துவிட்டது. அண்ணாச்சி பையைப் பற்றிப் பேசவே இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து, எந்த அளத்தில் வேலை பார்த்தீங்க, அப்போ கூலி எவ்வளவு என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம். கால்வெடிப்பில் உப்புத்தண்ணி இறங்கினால் எப்படி எரியும் என்று பாட்டி பாதத்தைத் திருப்பிக் காட்டினார், பாளம் பாளமாக வெடித்து, இடுக்கெல்லாம் கறுப்பாக. கிளம்பும்போது பையையும் எடுத்துக்கொண்டு வா என்று அண்ணாச்சி கண்ணைக் காட்டினார். அஞ்சு கிலோவையும் திரும்பச் சுமந்தேன், எரிச்சல் எரிச்சலாக வந்தது. அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம் பாட்டியே "அத வச்சிட்டுப் போ, எலி வரும், மேல வை" என்றார்.

பாட்டிக்கு உண்மையில் வேண்டியது அரிசி இல்லை என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. இரண்டு கண்ணிலும் புரை. அளத்து வெயிலில், அந்த உப்பு வெள்ளையையே பார்த்துப் பார்த்து ஆகிவிட்டது என்பார். திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை முகாம் போட்டிருந்தது. அவர்களே பஸ்ஸில் கூட்டிப்போய், அறுவை செய்து, சாப்பாடு போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள், காசு கிடையாது, துணைக்கு ஆளும் வேண்டாம். பாட்டி மட்டும் "இந்தப் பய வந்தாத்தான் ஏறுவேன்" என்று அடம். சரி என்று பின்னாலேயே வேறு பஸ் பிடித்துப் போனேன். மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானால அது? சத்தத்தக் கேட்டு மீசை வச்ச தடியன்னுல்லா நெனச்சேன்."

இப்போது மழைக்காலத்தில் அளத்தில் வேலை இல்லாத நாட்களுக்கு அரசே 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது, அன்றைக்கு அதெல்லாம் இல்லை. அக்டோபர் பிறந்தாலே எங்கள் பட்டியல் நீண்டுவிடும்.

* * *

தொடங்கி வைத்த அண்ணாச்சி, நானும் தூத்துக்குடி மறைமாவட்டம்தான், பங்கில் பெண்கள் குழுவில் இருக்கிறேன். எனக்கு 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழை. எங்கள் கோவில் கொஞ்சம் மேடு, அதனால் கோவில் மண்டபத்தில்தான் அடுப்பு. மூன்று நாள் எலுமிச்சை சோறும் தக்காளிச் சோறும் கிண்டிக் கிண்டி, இன்றைக்கும் எனக்கு எலுமிச்சை சோற்று வாசனை ஆகாது.

சமையல் கூடப் பரவாயில்லை. பழைய துணி வந்து குவிந்ததே, அதைத்தான் சொல்ல வேண்டும். பிரித்துப் பார்த்தால் ஜரிகை போன பட்டு ரவிக்கை, ஜிப் இல்லாத பேன்ட், ஒற்றைச் செருப்பு, ஒரு மூட்டையில் யாரோ வீட்டுத் திரைச்சீலை. வெள்ளத்தில் எல்லாம் போனவன் ஒற்றைச் செருப்பை வைத்து என்ன செய்வான்? வீட்டைச் சுத்தம் பண்ணிய குப்பையைப் புண்ணியக் கணக்கில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், எழுதினால் கோபம் வரும், வரட்டும்.

தண்ணீர் வடிந்ததும் ஏரல் பக்கம் டிராக்டரில் போனோம். அரிசி, பாய், போர்வை, பிஸ்கட் எல்லாம் இருந்தது. ஒரு பெண் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் வாங்காமல் ஒதுங்கி நின்றாள். வண்டிக்கு அந்தப் பக்கம் வந்து ரொம்ப மெதுவாக, "அக்கா, உள்பாவாடை இருக்கா? நாப்கின்?" என்றாள். இல்லை. பட்டியல் போட்டது மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஆண்கள், நாங்களும் அடுப்படியில் நின்றுகொண்டு வாய் திறக்கவில்லை. மறுநாள் அது மட்டும் ஒரு பெட்டி தனியாகக் கொண்டுபோனோம், அந்தப் பெண்ணைத் திரும்பப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் அந்த போட்டோ. எங்களோடு வந்தவர் ஒருவர் ஒவ்வொரு பைக்கும் ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று நின்றார். பத்து வயதுப் பையன் ஒருவன் பையை வாங்கிக்கொண்டு முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான். "தம்பி, இங்க பாரு, இங்க பாரு." அவன் பார்க்கவே இல்லை. எனக்கு அவனைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

* * *

நான் குமரி மாவட்டம். அழுகிற கதையாகவே போகிறது, கொஞ்சம் சிரிக்கிற மாதிரி ஒன்று சொல்கிறேன். மறைபரப்பு ஞாயிறு, அக்டோபரில் கடைசிக்கு முந்தின ஞாயிறு வருமே, உலகம் முழுக்க மிஷன் வேலைக்குக் காணிக்கை எடுக்கிற நாள். 1926இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தொடங்கியது. எங்கள் ஊரில் அன்றைக்குப் பூசை முடிந்ததும் ஏலம். வாழைக்குலை, தேங்காய், சீனிக்கிழங்கு, கோழி, சிலசமயம் ஆட்டுக்குட்டி.

ஒரு வருஷம் ஒரு சேவலை 300 ரூபாய்க்கு ஏலம் எடுத்தவர் "கோவிலுக்கே வச்சுக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி ஏலம், 450. அவரும் கொடுத்துவிட்டார். இப்படி நாலு கை மாறி, அஞ்சாவது ஏலத்தில் உபதேசியார் பிடித்திருந்த கயிறு அவிழ்ந்து சேவல் பீடத்துப் பக்கம் ஓடி, சாமியார் உட்பட எல்லோரும் துரத்தி, கடைசிவரை கிடைக்கவில்லை. அஞ்சாவதாக எடுத்தவர் 700 ரூபாயையும் கட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார், அவருடைய வீட்டம்மா என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள்.

1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கி, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தப்பும் தவறுமான தமிழில் செபம் சொல்லிக்கொடுத்த கடற்கரை இது. இன்றைக்கு இங்கிருந்து சாமியார்களும் சிஸ்டர்களும் வடக்கேயும் ஆப்பிரிக்காவுக்கும் போகிறார்கள். காசு எந்த நாட்டுக்குப் போகும் என்று எங்கள் பாட்டிமார் யாரும் கேட்டதில்லை, முட்டையை மட்டும் ஆறு ஆறாக எண்ணி ஓலைப்பெட்டியில் கொண்டுவந்து வைப்பார்கள்.

* * *

நான் கிறிஸ்தவன் இல்லை. எழுதலாமா என்று யோசித்தேன், சரி எழுதுகிறேன். நீங்கள் போகிற வீடுகளில் ஒன்று எங்களுடையது.

அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் சைக்கிளில் வருவார்கள். அம்மா அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் தலைவாரி, வீட்டைப் பெருக்கி, பக்கத்து வீட்டில் நாற்காலி கடன் வாங்கிப் போடுவார். கோவிலுக்கு வாங்க என்று ஒருநாளும் அவர்கள் சொன்னதில்லை, எங்கள் வீட்டு முருகன் படத்துக்குக் கீழேதான் உட்காருவார்கள். ரேங்க் கார்டை மட்டும் கேட்பார்கள், எனக்கு அரிசியைவிட அதுதான் பயம். பத்தாவது முடிக்கிறவரை நோட்டுப் புத்தகம் எல்லாம் அவர்கள்தான். இன்றைக்கு நான் ஓரளவு நன்றாக இருக்கிறேன் என்றால் அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு, மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று. வந்தவர்களில் ஒருவருடைய மகன் என் வகுப்பு. ஒருநாள் ரப்பருக்காகச் சண்டை. அவன் எல்லோர் முன்னாலும், "எங்கப்பா கொடுக்கிற அரிசியத்தானல நீங்க தின்னுதீங்க" என்றான். நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு சாப்பிடவில்லை. ஏன் என்று அம்மாவிடம் சொல்லவும் இல்லை. அவனுடைய அப்பா நல்ல மனிதர், வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார். வீட்டில் சாப்பிடும்போது பேசியிருப்பார், பையன் காதில் விழுந்திருக்கும்.

* * *

தம்பி, தொடங்கி வைத்தவன்தான் பேசுகிறேன். நீங்கள் எழுதியதை நேற்று ராத்திரி படித்தேன். பையில் போடுகிற காசு யாருடையது என்று தெரியாமல் இருக்க அவ்வளவு பார்க்கிறோம், வாங்குகிற வீடு எது என்பது எங்கள் நடுவீட்டில் கிடக்கிறது.

போன வாரம் ஒரு வீட்டுக்குப் போய் வந்தோம். அந்த வீட்டுக்காரிக்கு என்ன கஷ்டம் என்று இட்லி தின்றுகொண்டே வீட்டில் ஒன்று விடாமல் சொன்னேன். என் மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுப் பிள்ளையும் அவளும் ஒரே பள்ளிக்கூடம்.