மழைக்கு முன்னால் பழைய தோட்ட வீட்டின் ஒழுகலை அடைத்த அனுபவங்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கைமரம்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பலகை வீடு. நடு அறை ஒழுகுதென்று, சொட்டும் இடத்துக்கு நேர்மேலே ஜிங்கில் (கூரைத் தகரத்தில்) மூன்று தடவை சிலிக்கான் பூசியிருக்கிறார்கள். மழை நேரத்தில் சீலிங் பலகையை நகர்த்தி டார்ச் அடித்தால், கைமரத்தின் அடிவிளிம்பில் தண்ணீர் ஒரு கோடாக மினுங்கிக்கொண்டே நாலடி இறங்கி, மரக்கணுவில் தடுக்கி அங்கே சொட்டுகிறது. ஓட்டை முகட்டுப் பக்கம், அதனால் சொட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள். பழைய ஆணி கழன்றதும் யாரோ நெளியின் பள்ளத்தில் புது ஆணி அடித்துவிட்டார்கள். மேட்டில்தான் அடிக்க வேண்டும், பள்ளம் தண்ணீர் ஓடும் வாய்க்கால். அந்த ஆணியைப் பிடுங்கி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஓட்டையை மூடி, சுற்றிலும் இரண்டு அங்குலம் படியும்படி பியூட்டைல் டேப் (ரப்பர் மாதிரி ஒட்டும் நாடா) ஒட்டினால் போதும். ஈரத்தகரத்தில் டேப் ஒட்டாது, வெயில் காய்ந்த பிறகுதான் ஒட்டணும்.

பால்மரத்தடி:
மூன்று தடவை பூசிய சிலிக்கான் என்ன வகை என்று பார்த்தீர்களா அண்ணே? பூசும்போது சுக்கா (வினிகர்) மாதிரிப் புளிப்பு வாசம் அடித்தால் அது அமில வகை, ஜிங்கின் மேல்பூச்சையே அரித்துவிடும். அப்படி ஒரு கூரையில் சிலிக்கானை உரித்ததும் அதன் அடியில் தகரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. டியூப்பில் 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ஸ்க்ரூ அடிக்கும்போதும் கவனம். ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கினதும் நிறுத்திவிடணும். நசுங்கிப்போன வாஷர் வெயிலில் வெடித்து அடுத்த மழைக்கே ஒழுகும்.

அடுப்படி ஓரம்:
ஆணி, ஆணி என்கிறீர்கள். இழுத்துக் கட்டின அடுப்படியை யாருமே சொல்லவில்லையே? தோட்ட வீடுகளில் பாதி ஒழுகல், பெரிய வீட்டுச் சுவரும் அடுப்படிக் கூரையும் சேரும் இடத்தில்தான். ஒரு வீட்டில் அந்த மூட்டில் சிமெண்டை அப்பி வைத்திருந்தார்கள். தகரம் வெயிலில் விரியும், மழையில் சுருங்கும், சிமெண்ட் கூடவே அசையாது. சுவருக்கும் சிமெண்டுக்கும் நடுவே விரல்நகம் நுழையும் விரிசல். அங்கே தகரப் பிளாஷிங், அதாவது மூட்டை மூடும் மடித்த தகடுதான் வேண்டும். கூரைமேல் குறைந்தது 150 மில்லிமீட்டர் படியணும். மேல்விளிம்பு சுவர்ப் பலகைக்கு உள்ளே போகணும், வெளியே ஒட்டக்கூடாது.

கைமரம் அண்ணே, சொட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள் என்பதும் எல்லா நேரமும் சரிவராது. காற்றோடு அடிக்கும் மழை பக்கவாட்டில் நுழையும். மழைக்குக் காத்திருக்காமல் ரப்பர் குழாயில் சோதியுங்கள். கீழ்விளிம்பில் தொடங்கி, ஒரு பகுதிக்குப் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அப்புறம் ஒரு முழம் மேலே. மேலிருந்து தொடங்கினால் எல்லா மூட்டும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் புரியாது.

தகரச்சூடு:
ஒழுகலோடு சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வீட்டில் அலுமினியத் தாளை ஜிங்கோடு ஒட்ட விரித்திருந்தார்கள், மத்தியானம் தாளையே தொட முடியவில்லை. தகரத்துக்கும் தாளுக்கும் நடுவே குறைந்தது 25 மில்லிமீட்டர் காற்று இடைவெளி இல்லாவிட்டால் சூடு நேரே இறங்கும். பளபளப்புப் பக்கம் கீழ்நோக்கி இருக்கணும், மேல்நோக்கி இருந்தால் தூசி படிந்து பிரதிபலிப்பு போய்விடும். தாள் மின்சாரம் கடத்தும், பழைய ஒயர் பக்கத்தில் ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். ராக்வூலையும் (சூடு தடுக்கும் பஞ்சு) பழைய ஒயர்மேல் மூடாதீர்கள், ஒயர் சூடேறி உறை கருகும். இறவாரத்தை முழுக்க அடைத்தால் மேலே சூடு சேர்ந்துவிடும். எலி, வௌவால் நுழையாமல் கால் அங்குலக் கம்பிவலை போதும், காற்று போகட்டும்.

கணு:
பலகைச் சுவர் இடுக்கைப் பற்றி ஒன்று. ஒரு வீட்டில் இடுக்கு மேலே சட்டம் வைத்து இரண்டு பலகையிலும் ஆணி அடித்திருந்தார்கள். நவம்பர் மழையில் பலகை ஊதி, சட்டம் நீளவாக்கில் பிளந்து நின்றது. ஒரு பலகையில் மட்டும் ஆணி அடியுங்கள், அடுத்தது சட்டத்தின் அடியில் நகரட்டும். கூரை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு என்றால் இதில் எதையும் செய்யாதீர்கள். துளை போடவோ, அழுத்தத் தண்ணீரில் கழுவவோ கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்குள் போய்விடும். தகடு உடைந்திருந்தால் பயிற்சி பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள்.