பாசிக்குடா ரிசோர்ட்டுக்கு மரக்கறி கொழும்பிலிருந்துதான் போக வேண்டுமா?

வெள்ளவத்தைவாசி:
கொழும்பில் ஒரு ஹோட்டல் கம்பெனியின் கொள்வனவுப் பிரிவில் இருக்கிறேன். கிழக்குக் கரையில், பாசிக்குடாவில் எங்களுக்கு 40 அறை ரிசோர்ட் ஒன்று. தம்புள்ளையில் ஏற்றிய மரக்கறி கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொடை மொத்தச் சந்தைக்கு வந்து, சப்ளையர் தரம் பிரித்து, பிறகு அதே தம்புள்ளைச் சந்தையைத் தாண்டி ஹபரணை, பொலன்னறுவை வழியாகக் கிழக்குக்குப் போகிறது. சலாது இலை பாதி வாடித்தான் இறங்கும். இப்போது முதலாளி, வளவிலேயே தோட்டம் போடுவோம், மிச்சத்தைப் பக்கத்து ஊர்களில் வாங்குவோம் என்கிறார். ஒரு ஏக்கர் மணல் காணி சும்மா கிடக்கிறது. யாராவது செய்து பார்த்தீர்களா?

பழைய சமையல்காரன்:
தம்பி, முதலில் கலண்டரைப் பாருங்கள். அங்கே சீசன் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை, அதாவது கச்சான் காற்று அடித்து மண் காயும் காலம். மாரி மழை கொட்டும்போது அறைகள் காலி. ஆட்கள் நிறையும் நேரத்தில்தான் தோட்டமும் தண்ணீர் கேட்கும், கடலோரக் கிணற்றை மிஞ்சி இறைத்தால் உவர் ஏறிவிடும். அதனால் கோவா, கரட் ஆசையை விடுங்கள். வல்லாரை, கறிவேப்பிலை, ரம்பை, பச்சை மிளகாய், முருங்கை, இவ்வளவு போதும். மாட்டெருவும் கிளிரிசீடியா இலையும் போட்டு, சொட்டுநீர் குழாய் இழுங்கள். அப்புறம், "இயற்கை விவசாயம்" என்று போர்டு எழுத அவசரப்படாதீர்கள். 2021இல் திடீரென்று இரசாயன உரத்தை நிறுத்தி நாடே பட்டது மறக்கவில்லைதானே.

மட்டுநகர் மகள்:
தோட்டத்தை விடுங்கள், வாங்குவதில்தான் சிக்கல். எங்கள் மாமா வாழைச்சேனைப் பக்கம் கத்தரி, பயற்றங்காய் செய்கிறவர். ஒரு ஹோட்டலுக்கு இரண்டு மாதம் கொடுத்தார். காசு 45 நாள் கழித்துச் செக்காக வரும், அதற்கும் அச்சடித்த பில் கேட்பார்கள். அவருக்கோ கூலியாட்களுக்கு அன்றன்றே கொடுக்க வேண்டும். விட்டுவிட்டு, வாசலுக்கு வரும் வியாபாரிக்கே குறைந்த விலையில் போடுகிறார். உங்கள் செஃபையும் கொஞ்சம் அசையச் சொல்லுங்கள். வாழைச்சேனைத் துறைமுகத்து மீனும் சட்டியில் உறைந்த எருமைத் தயிரும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்க, ஐஸ்பேர்க் சலாது இலையைத் தேடி நுவரெலியாவுக்கு ஏன் போகிறார்?

வெள்ளவத்தைவாசி:
அக்கா, அந்த 45 நாள் எங்கள் கம்பெனி விதியும்கூட. கணக்குப் பிரிவோடு சண்டை போடுவதைவிட மணலில் கோவா வளர்ப்பது சுலபம். சில்லறைக் காசிலிருந்து வாரா வாரம் கொடுக்க முடியுமா என்று திங்கட்கிழமை கேட்கிறேன். மாமா இன்னும் பயற்றங்காய் போடுகிறாரா?

மட்டுநகர் மகள்:
போடுகிறார். காசோடு போங்கள்.