சுழலும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே கேசன் நானோதிரவம்: பீட்டாவை மாற்றினாலும் புதிதாக எதுவும் வரவில்லையே?

மலர்_பாய்மம்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரே அச்சில் சுழலும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே கேசன் நானோதிரவம் (நானோ துகள்கள் கலந்த, ஓரளவு விசை கொடுத்தால்தான் ஓடத் தொடங்கும் திரவம்) ஓடுவதை பிஎச்டிக்காக மாடல் செய்கிறேன். மேல்தட்டு கீழ்த்தட்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது. கார்மன் மாற்றத்தை (ஆரத்தைப் பிரித்தெடுத்து, மிஞ்சுவது உயரத்தை மட்டும் சார்ந்தது என்று வைக்கும் முறை) போட்டுச் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளாகச் சுருக்கி, மேட்லேபில் பிவிபி4சி (இரு முனையிலும் நிபந்தனை உள்ள சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) வைத்துத் தீர்க்கிறேன். வெப்பத்துக்கும் துகள் செறிவுக்கும் புவோன்ஜோர்னோ மாடல் (துகள்கள் திரவத்துக்குள் தனியாக நகர்வதைக் கணக்கில் எடுப்பது). பிரௌனியன் எண் (துகள்களின் தாறுமாறான அசைவு), தெர்மோஃபோரெசிஸ் எண் (சூட்டிலிருந்து குளிர்ந்த பக்கம் துகள் நகர்வது) இரண்டையும் 0.1 முதல் 0.5 வரை, ஷ்மிட் எண்ணை (பாகுத்தன்மைக்கும் துகள் பரவலுக்கும் உள்ள விகிதம்) 1 என்று, மற்ற கட்டுரைகளில் இருப்பது போலவே எடுத்திருக்கிறேன்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். கேசன் பீட்டாவை (நியூட்டன் திரவத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் எண்) கூட்டினால் வரும் வேக வரைபடங்கள், ரேனால்ட்ஸ் எண்ணை (நிலைமத்துக்கும் பாகுத்தன்மைக்கும் உள்ள விகிதம்) கூட்டினால் வருவதைப் போலவே இருக்கின்றன, ஆனால் படித்த கட்டுரைகளில் எல்லாம் பீட்டாவுக்கென்று தனிப் படமும் தனி விளக்கமும் இருக்கிறது. அப்புறம், துகள்கள் சுவருக்குள் போகாது என்பதால் இரண்டு தட்டிலும் துகள் ஃப்ளக்ஸ் (சுவரைக் கடக்கும் ஓட்டம்) பூஜ்யம் என்று வைத்தால் சிங்குலர் ஜாகோபியன் (தீர்க்க வேண்டிய அணிக்கு நேர்மாறு இல்லை) என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. தொடக்க ஊகத்தை மாற்றியும் மெஷ்ஷை நெருக்கியும் பயனில்லை. கோடில் (எழுதிய நிரலில்) தப்பா, மாடலிலேயே தப்பா?

ரியோமீட்டர்வாசி:

கோடில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. மாடல் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

உந்தச் சமன்பாட்டில் பீட்டா எங்கே வருகிறது என்று பாருங்கள். பாகுத்தன்மை உறுப்புக்கு முன்னால் 1+1/பீட்டா என்ற மாறிலியாக மட்டும்தான் வரும். சமன்பாடு முழுவதையும் அதனால் வகுத்தால் ரேனால்ட்ஸ் எண் அதற்கேற்பக் குறையும், மிஞ்சுவது பழைய நியூட்டன் திரவச் சமன்பாடுதான். பீட்டா 0.5 என்றால் அந்த மாறிலி 3. ஆக பீட்டா 0.5, ரேனால்ட்ஸ் 3, பிராண்டல் (பாகுத்தன்மைக்கும் வெப்பப் பரவலுக்கும் உள்ள விகிதம்) 7 என்று ஓட்டுவதும், கேசன் இல்லாமல் ரேனால்ட்ஸ் 1, பிராண்டல் 21 என்று ஓட்டுவதும் வேகத்துக்கும் வெப்பத்துக்கும் ஒரே விடையைத் தர வேண்டும் (துகள் உறுப்புகளை முதலில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவற்றின் எண்களையும் மாற்றி எழுத வேண்டிவரும்). ஓட்டிப் பாருங்கள்.

இதற்குக் காரணம், பீட்டாவின் வரையறைக்குள்ளேயே ஷியர் ரேட் (திரவ அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கும் வீதம்) ஒளிந்திருக்கிறது. ஷியர் ரேட் இடத்துக்கு இடம் மாறும்போது பீட்டா எப்படி மாறிலியாக இருக்கும்? கேசன் 1959ல் அச்சு மை போன்ற நிறமிக் கலவைகளுக்காகக் கொடுத்த விதியில் தகைவின் (பரப்பளவுக்கான விசை) வர்க்கமூலம்தான் ஷியர் ரேட்டின் வர்க்கமூலத்தோடு நேர்கோட்டில் போகிறது. நிறைய கட்டுரைகளில் கேசன் என்று எழுதும் சூத்திரத்தில் வர்க்கமூலமே கிடையாது, அது வடிவத்தில் பிங்காம் (தகைவு ஷியர் ரேட்டோடு நேர்கோட்டில் போகும் மாடல்). அதிலும் ஷியர் ரேட்டை உறைய வைத்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம் கெட்டியான தண்ணீர்.

உங்கள் வடிவமைப்பில் இது இன்னும் பெரிய பிரச்சினை. இரண்டு தட்டுக்கு நடுவே, மெதுவான சுழற்சியில், ஷியர் ரேட் என்பது இரண்டு தட்டின் கோண வேக வித்தியாசத்தை ஆரத்தால் பெருக்கி இடைவெளியால் வகுத்தது. அச்சில் பூஜ்யம், வெளியே போகப் போகக் கூடும். இடைவெளி 1 மிமீ, வேக வித்தியாசம் வினாடிக்கு 10 ரேடியன் என்று வையுங்கள். 1 மிமீ ஆரத்தில் ஷியர் ரேட் வினாடிக்கு 10, 20 மிமீ ஆரத்தில் 200. கேசன் விதிக்கு உதாரணமாக இரத்தத்தை எடுப்போம், அதன் யீல்டு தகைவு (ஓடத் தொடங்கத் தேவையான தகைவு) சுமார் 0.005 பாஸ்கல், கேசன் பாகுத்தன்மை சுமார் 3.5 மில்லிபாஸ்கல்-வினாடி என்று எடுத்து உண்மையான கேசன் விதியில் போட்டால், பாகுத்தன்மை உள்ளே 6.6 சொச்சம், வெளியே 4.1 மில்லிபாஸ்கல்-வினாடி. ஒரே தட்டில் பாகுத்தன்மை 1.6 மடங்கு மாறுகிறது, அச்சுக்கு நெருங்கினால் எல்லையில்லாமல் ஏறுகிறது. கார்மன் வடிவமோ எல்லாமே உயரத்தை மட்டும் சார்ந்தது என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றாக நிற்காது. இணைத்தட்டு ரியோமீட்டரில் (பாகுத்தன்மை அளக்கும் கருவி) அளப்பவர்கள் முறுக்குவிசையில் திருத்தம் போடுவது இந்த ஆர மாற்றத்துக்காகத்தான்.

ஷியர் ரேட்டோடு பாகுத்தன்மை குறையும் கேரோ மாடலிலும் இதே கதை. வைசென்பெர்க் எண்ணுக்குள் (ஷியர் ரேட்டைத் திரவத்தின் சொந்த நேரத்தால் பெருக்கியது) ஆரம் உட்கார்ந்திருக்கும், அதை "உள்ளூர்" எண் என்று பெயர் வைத்து நகர்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் மாணவர்கள் இதில் வருடக்கணக்கில் உழைக்கிறார்கள்.

எண்முறை_செல்வம்:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். செறிவுச் சமன்பாட்டில் செறிவு நேரடியாக எங்கும் வராது, அதன் முதல், இரண்டாம் வகைக்கெழுக்கள்தான் வரும். அதனால் அது உண்மையில் செறிவின் சரிவுக்கான முதல் வரிசைச் சமன்பாடு. முதல் வரிசைக்கு ஒரு நிபந்தனை போதும், இரண்டு தட்டிலும் ஃப்ளக்ஸ் பூஜ்யம் என்று சொல்லி நீங்கள் இரண்டு கொடுக்கிறீர்கள், செறிவின் அளவை நிர்ணயிக்க ஒன்றுமே கொடுக்கவில்லை. பொதுவாகத் தீர்வே கிடையாது. ஜாகோபியன் சிங்குலர் ஆவதுதான் நியாயம், பிவிபி4சி உங்களுக்கு உண்மையைச் சொல்கிறது.

இயற்பியலாகவும் யோசியுங்கள். திரவம் ஆரத்திசையில் உள்ளேயும் வெளியேயும் போகிறது, துகளையும் கூட்டிக்கொண்டு போகிறது. சுவர் இரண்டையும் அடைத்துவிட்டு, செறிவு ஆரத்தைச் சாராது என்றும் சொன்னால் துகள் கணக்கு நேராகாது. ஒரு தட்டில் செறிவைக் கொடுங்கள், மற்றதில் ஃப்ளக்ஸ் பூஜ்யம் வையுங்கள், ஓடும்.

எதை மாற்றினாலும் முதலில் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். இரண்டு தட்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் ஆரத்திசை ஓட்டம் முழுக்கப் பூஜ்யமாக வேண்டும், திரவம் திடப்பொருள் போலச் சுழல வேண்டும். ரேனால்ட்ஸ் எண் மிகச் சிறியதானால் சுழல் வேகம் உயரத்தோடு நேர்கோட்டில் மாற வேண்டும். டாலரன்ஸையும் இறுக்குங்கள், பிவிபி4சியின் இயல்பான சார்பு டாலரன்ஸ் (அனுமதிக்கும் பிழை) 0.001தான், அது போதாது. பெரிய ரேனால்ட்ஸுக்குப் போகும்போது ஒன்றுக்கு மேற்பட்ட தீர்வு வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். 1951ல் பேட்ச்லரும் 1953ல் ஸ்டீவர்ட்சனும் நடுப்பகுதி சுழலுமா சுழலாதா என்று எதிரெதிராகச் சொன்னார்கள், கார்மன் சமன்பாடுகளில் இரண்டு வகைத் தீர்வும் இருக்கின்றன என்று பிற்பாடு தெரிந்தது. சின்ன எண்ணில் தொடங்கி, முந்தைய விடையை அடுத்ததற்கு ஊகமாகக் கொடுத்துக்கொண்டே ஏறுங்கள்.

வெப்பக்கடத்தி:

நானோ பக்கத்தை யாரும் தொடவில்லை. 10 நானோமீட்டர் துகள், 300 கெல்வின், தண்ணீர். ஸ்டோக்ஸ்-ஐன்ஸ்டைன் சூத்திரத்தில் பிரௌனியன் பரவல் எண் சதுர மீட்டர்/வினாடி அலகில் சுமார் 5, பத்தின் மைனஸ் 11ஆம் அடுக்கு. அதிலிருந்து ஷ்மிட் எண் பதினாறாயிரத்துக்கு மேல், நீங்கள் எடுத்தது 1. அலுமினா 5 சதவீதம் என்றால் பிரௌனியன் எண் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு, 20 டிகிரி வித்தியாசத்துக்குத் தெர்மோஃபோரெசிஸ் எண் லட்சத்தில் ஒன்று அளவு. 0.1 முதல் 0.5 வரை எடுத்த வரைபடங்கள் எந்தத் திரவத்தையும் குறிக்கவில்லை. புவோன்ஜோர்னோவே 2006 கட்டுரையில், துகள் பரவலால் நேரடியாகக் கடத்தப்படும் ஆற்றல் புறக்கணிக்கத்தக்கது என்றுதான் முடிவு சொன்னார். முக்கியமானது அடர்த்தி, பாகுத்தன்மை, கடத்துத்திறன் ஆகிய பண்புகளின் மாற்றம். 5 சதவீதத்துக்கு பிரிங்க்மன் சூத்திரம் பாகுத்தன்மையில் 14 சதவீத ஏற்றம் தருகிறது, அதைவிட ஆய்வகத்தில் அளந்த மதிப்பு கிடைத்தால் அதையே போடுங்கள்.

மலர்_பாய்மம்:

ரொம்ப நன்றி. ரியோமீட்டர்வாசி அண்ணா சொன்ன சோதனையை ஓட்டினேன், கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே பொருந்தின. ஆனால் தலைப்பு பதிவாகிவிட்டது, நியூட்டன் விதிக்கு உட்படாத நானோதிரவம், சுழலும் பரப்புகள் என்று. கைடு கேட்டால் எதைக் காட்டுவது?

ரியோமீட்டர்வாசி:

தலைப்பை மாற்ற வேண்டாம், அதில் கேசன் என்ற பெயர் இல்லையே. பாகுத்தன்மை மாறாமல், மற்ற பண்பில் நியூட்டன் திரவத்திலிருந்து விலகும் மாடல்கள் இருக்கின்றன, அவற்றுக்குக் கார்மன் வடிவம் உண்மையாகவே பொருந்தும். ரெய்னர்-ரிவ்லின் மாடலை (தகைவில் ஷியர் ரேட்டின் வர்க்க உறுப்பும் சேர்வது), அந்த உறுப்பின் கெழுவான குறுக்குப் பாகுத்தன்மை மாறிலி என்று வைத்து எடுத்தால் சமன்பாட்டின் வரிசை ஏறாது, உங்கள் கோடில் சில உறுப்புகளைச் சேர்த்தால் போதும். முதல் அத்தியாயத்துக்கு அது சரி, ஆனால் முதல் நார்மல் தகைவு வித்தியாசத்தை (ஓடும் திசைத் தகைவுக்கும் செங்குத்துத் திசைத் தகைவுக்கும் உள்ள வித்தியாசம்) பூஜ்யம் என்று சொல்வதால் நிஜ பாலிமர் கரைசலுக்கு ஒத்துவராது. அடுத்து ஓல்ட்ராய்டு-பி, பாலிமர் கரைசல் போன்ற மீள்தன்மையுள்ள திரவங்களுக்கான மாடல். தகைவுகளையும் அறியாத சார்புகளாக வைக்க வேண்டும், வேலை அதிகம், ஆனால் மீள்தன்மையின் விளைவு நேர்மையாக வெளியே வரும். இரண்டாம் தரத் திரவத்தைத் தவிர்த்துவிடுங்கள், அதில் வரிசை ஏறி ஓர் எல்லை நிபந்தனை குறையும், ஆளாளுக்கு ஒன்றைக் கற்பித்துக்கொள்கிறார்கள்.

கேசனே வேண்டும் என்று கைடு சொன்னால் ஆரம், உயரம் இரண்டையும் வைத்துப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடாகவே தீர்க்க வேண்டும். அச்சருகே பாகுத்தன்மை வெடிக்காமல் இருக்க 1987ல் பாபனாஸ்டாசியூ கொடுத்த அடுக்குக்குறி முறை உதவும். பீட்டா 0.5க்கு வந்த அந்த ஒரு வரைபடத்தை நியூட்டன் கோட்டோடு சேர்த்து அச்செடுத்து நாளைக்கே கைடிடம் காட்டுங்கள், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டியதில்லை, சமன்பாட்டை வகுத்துக் காட்டினாலே புரிந்துகொள்வார். ரெய்னர்-ரிவ்லின் உறுப்புகளை எழுதும்போது குறியில் சந்தேகம் வந்தால் இங்கேயே போடுங்கள், சரிபார்த்துத் தருகிறேன்.