இரைச்சலை நீக்கினால் புழுவின் தலையும் மறைகிறது

சாட்ஸ்வொர்த் மாணவன்:
வணக்கம். டர்பனில் முதுகலை படிக்கிறேன். மூளை எம்ஆர்ஐ படங்களில் நாடாப்புழு நீர்க்கட்டிகளைக் கண்டுபிடிக்கும் நிரல் எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் பக்கம் வலிப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம், அதனால்தான் இதை எடுத்தேன். நீர்க்கட்டிக்குள் புழுவின் தலை சின்னப் புள்ளியாகத் தெரியும். அது தெரிந்தால் வேறு நோயோ என்ற சந்தேகமே வராது. ஆனால் படத்தின் இரைச்சலை, அதாவது மணல் தூவியது போன்ற தேவையில்லாத புள்ளிகளை, நீக்க நான்-லோக்கல் மீன்ஸ் வடிகட்டியைப் போட்டதும் புழுவின் அந்தப் புள்ளியும் கரைந்துவிடுகிறது. ஒன்றுபோல் தெரியும் சிறு பகுதிகளைத் தேடிச் சராசரி எடுக்கும் வடிகட்டி அது. வடிகட்டியின் வலிமையைக் குறைத்தால் புள்ளி திரும்புகிறது, கூடவே இரைச்சலும் வந்துவிடுகிறது. நேற்று இரவு 2 மணிவரை அந்த ஒரே எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எங்கே தவறுகிறேன்?

மாரிட்ஸ்பர்க் அக்கா:
தம்பி, 14 வருஷமாக ஸ்கேன் எடுக்கிறவள் நான். ஸ்லைஸ், அதாவது ஒவ்வொரு வெட்டுப் படத்தின், தடிமன் என்ன? 5 மி.மீ. என்றால் புழுவின் தலை பெரும்பாலும் ஒரே ஸ்லைஸில்தான் விழும்.

சாட்ஸ்வொர்த் மாணவன்:
5 மி.மீ.தான் அக்கா. ஸ்லைஸுக்குள் ஒரு பிக்சல் 0.5 மி.மீ.

கேப் டவுன்காரன்:
அக்கா கேட்டதிலேயே பதில் இருக்கிறது. முப்பரிமாணத்தில் ஓட்டுகிறீர்கள், இல்லையா? 3×3×3 பேட்ச், அதாவது வடிகட்டி ஒப்பிடும் சிறு கட்டம், என்பது ஸ்லைஸுக்குள் 1.5 மி.மீ., மேலும் கீழுமாக 15 மி.மீ. தலை இருக்கும் பேட்சைப் பக்கத்து நீரோடு ஒப்பிட்டால், 27 எண்களில் மேல், கீழ் ஸ்லைஸ்களின் 18 எண்கள் அப்படியே ஒத்துப்போகும். இதுவும் நீர்தான் என்று வடிகட்டி சராசரியில் கலந்துவிடும். ஒவ்வொரு ஸ்லைஸாக, இருபரிமாணத்தில் ஓட்டுங்கள்.

அப்புறம், ஃப்ளேர் என்ற எம்ஆர்ஐ வகைப் படமென்றால் ரைசியன் திருத்தமும் வேண்டும். ஃப்ளேரில் நீர் கறுப்பு. இரைச்சல் அந்தக் கறுப்பைச் சற்று வெளுக்க வைக்கும், தலைக்கும் நீருக்கும் உள்ள வேறுபாடு அங்கேயும் குறையும். அந்த வெளுப்பைச் சரிசெய்வதுதான் இந்தத் திருத்தம்.

பிஎஸ்என்ஆர் எண்ணை, அதாவது முழுப் படத்துக்கும் சேர்த்துத் தரத்தைச் சொல்லும் அளவை, நம்பாதீர்கள். லட்சக்கணக்கான பிக்சல்களில் 3 மி.மீ. புள்ளி போனால் அந்த எண் அசையவே அசையாது. மூலப் படத்திலிருந்து வடிகட்டிய படத்தைக் கழித்து, மிச்சத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மணல் தூவினது போல இருக்கவேண்டும். மூளை மடிப்போ கட்டியின் விளிம்போ தெரிந்தால், நீங்கள் அழித்தது இரைச்சலை அல்ல, நோயாளியின் உடம்பை. எந்த வடிகட்டியானாலும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

சாட்ஸ்வொர்த் மாணவன்:
என் பழைய மிச்சப் படத்தில் கட்டியின் நடுவே அந்தப் புள்ளி அப்படியே உட்கார்ந்திருக்கிறது! இருபரிமாணத்தில் ஓட்டினேன். 9 கட்டிகளில் 7இல் தலை நிற்கிறது. மற்ற இரண்டில் மூலப் படத்திலேயே மங்கல், இரண்டு ஸ்லைஸுக்குப் பாதிப் பாதியாக விழுந்திருக்கிறது. அந்த நோயாளிகளுக்கு 1 மி.மீ. தடிமனில் படம் எடுத்திருக்கிறார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அக்காவுக்கும் அண்ணனுக்கும் நன்றி.