மறு: குறுக்கெழுத்துக் குறிப்பில் ‘இன்டிகேட்டர்’ – கைகாட்டி

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

குறுக்கெழுத்துக் குறிப்பில் எழுத்துகளை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பகுதியை ஆங்கிலத்தில் இன்டிகேட்டர் என்கிறார்கள்; அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சுக்குச் செவ்வாய்க்கிழமை ‘கைகாட்டி’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு வேலைக்கு ஓடிவிட்டேன். அதற்கு வந்த கேள்விகள் எல்லாமே நியாயமானவை. இப்போது ஆற அமரப் பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில், தலவாக்கலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்து கிரிப்டிக் குறுக்கெழுத்து போடுகிறோம். அதில் குறிப்பின் ஒரு பாதி விடையின் பொருளைச் சொல்லும், மறு பாதி எழுத்துகளை வைத்து விடையை உருவாக்கும் வழியைச் சொல்லும். போன கிழமை பலகையில் எழுதியது இது (அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை):

ஏறிப் போவது கலைந்த கனவாம் (4)

கால் மணி நேரம் எல்லோரும் கனவைப் பற்றியே பேசினார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வந்த அண்ணன்மார் கதையெல்லாம் வந்தது. தரம் 9இல் படிக்கும் பிள்ளை ஒருத்தி மட்டும் க, ன, வா, ம் என்று நான்கு எழுத்தையும் கொப்பியில் தனித்தனியாக எழுதி, இடம் மாற்றிப் பார்த்து, ‘வாகனம்’ என்றாள். எப்படி என்று மற்றவர்கள் கேட்டபோது சொன்னாள்: “கலைந்தங்கிறதுதான் சிக்னல். அது எழுத்தக் கலைக்கச் சொல்லுது.”

எங்கள் பக்கம் சிக்னல் என்றால் ரயில் பாதையோரம் நிற்கிற கம்பம்தான் முதலில் நினைவுக்கு வரும். பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது, 1924இல் பதுளையை. அந்தக் கம்பத்துக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பேர் கைகாட்டி. கை நேராகக் கிடந்தால் நில், சாய்ந்திருந்தால் போ. அது வண்டியை இழுப்பதில்லை. ஓட்டுகிறவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே நிற்கிறது. ‘கலைந்த’ என்ற சொல் செய்யும் வேலையும் அதுதான். வாகனம் என்ற விடைக்கு அது எழுத்து ஒன்றுகூடத் தருவதில்லை. விடையின் பொருளிலும் அதற்குப் பங்கு இல்லை.

> கைகாட்டி என்றால் சந்தியில் நிற்கும் வழிகாட்டிப் பலகை போல, விடையையே சுட்டுவதாகப் படாதா?

படாது என்றே நினைக்கிறேன். நானுஓயாக் கைகாட்டி பதுளை இருக்கும் திசையைக் காட்டுவதில்லை, நில் அல்லது போ என்கிறது. விடையைச் சுட்டுவது குறிப்பின் இன்னொரு பாதி, அதாவது நேர்ப்பொருள். மேலே ‘ஏறிப் போவது’ என்பது நேர்ப்பொருள். அது குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் வரும், நடுவில் வராது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால் குழப்பம் தானாகவே தீர்ந்துவிடும்.

இன்டிகேட்டருக்கு வைக்கக்கூடிய மற்றச் சொற்களைப் பற்றி. ‘சுட்டி’ கணினிக்காரர்களிடம் போய்விட்டது. ‘குறிகாட்டி’ பொருளியல் பாடத்தில் குடியேறிவிட்டது. ‘காட்டி’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு இரசாயனவியலில் வரும் பாசிச்சாயம். அது அமிலமா காரமா என்று இருக்கிற நிலையைக் காட்டும். நமக்கு வேண்டியது செய்ய வேண்டிய செயலைச் சொல்லும் சொல். அந்தக் கணக்கில் ‘ஏவல்’தான் பொருளுக்கு மிக நெருக்கம், நானும் இரண்டு நாள் அதன் பக்கமே இருந்தேன். ஆனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், போய் ஏவல் என்று சொன்னால் சூனியம் வைப்பதைத்தான் நினைப்பார்கள். இலக்கணம் படிக்கிற பிள்ளையோ ‘கலைந்த’ ஏவல் வினையா என்று கேட்கும். அது பெயரெச்சம். அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன பதில் சொல்வது?

பண்டாரவளை டீச்சர் ‘சைகைச்சொல்’ என்று எழுதியிருந்தார். அதில் எனக்குள்ள தடை ‘சொல்’ என்ற பின்பாதிதான். டீச்சரின் ஊரை வைத்தே ஒரு குறிப்பு:

பண்டாரவளையில் எலி வசிக்கும் இடம் (2)

விடை ‘வளை’. ஊர்ப்பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. உள்ளே தேடு என்று சொல்வது எது? ‘இல்’. ஏழாம் வேற்றுமை உருபு மட்டும். ஆங்கிலத்தில் இதற்குத் தனியாக ஒரு சொல் நிற்க வேண்டும். தமிழில் உருபே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நம் மொழியில் இந்தப் புதிர்கள் இவ்வளவு இறுக்கமாக அமைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நம்புகிறேன். ஆகவே நாம் ஆக்கும் கலைச்சொல் உருபையும் ஏற்க வேண்டும். ‘இல்’ ஒரு கைகாட்டி என்று தயக்கமில்லாமல் சொல்லலாம், சைகைச்சொல் என்று சொல்ல முடியாது.

உருபு சங்கடம் தரும் இடமும் உண்டு. ‘தலை போன சிகண்டி மலைநாட்டு நகரம் (3)’ என்பதில் சி போனால் கண்டி, சுத்தமாக இருக்கிறது. அதையே ‘சிகண்டியின் தலை போனால்’ என்று எழுதியதற்கு, மிச்சம் ‘கண்டியின்’ அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆனாலும் அந்தக் குறிப்பை நான் ஏற்றுக்கொள்வேன். அந்த ‘இன்’ சிகண்டியைத் தலையோடு சேர்க்கும் ஒட்டு. ஆனால் எழுத்தைக் கலைக்கும் குறிப்புகளில் இந்தச் சலுகை கூடாது. ‘கனவாம்’ என்பதில் ‘ஆம்’ சேர்ந்துதான் நான்கு எழுத்து வருகிறது. அங்கே ஒட்டைக் கழிக்கலாம் என்று விட்டால் போடுகிறவருக்கும் தெரியாது, அவிழ்க்கிறவருக்கும் தெரியாது.

அதே காரணத்தால் ‘குழம்பிய கவலை’ என்று எழுதிக் ‘கலவை’யை விடையாகக் கொடுத்த குறிப்பையும் மறுக்கிறேன். கவலை க, வ, லை. கலவை க, ல, வை. ஐகாரம் லகரத்தை விட்டு வகரத்துக்குத் தாவியிருக்கிறது. உயிர்மெய்யை உடைக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கென்று தனிக் கைகாட்டி வைக்கட்டும். ஆஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் போட்டவர் 1949இல் வகுத்த விதி ஒன்று உண்டு: சொல்வதையே கருத வேண்டும் என்று புதிர் போடுகிறவருக்குக் கட்டாயமில்லை, கருதியதைச் சொல்லியே ஆக வேண்டும். நான் கைகாட்டிக்காக இவ்வளவு நேரம் வாதாடுவதும் அந்த நேர்மைக்காகத்தான். கைகாட்டி இல்லாத இடத்தில் வண்டியை ஓட்டச் சொல்லக் கூடாது.

பேராதனையிலிருந்து எழுதும் ஐயா, அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தார். ஐயா, பாதி இடத்தில் உங்களோடு நிற்கிறேன். அதில் வரும் சித்திரகவி, அதாவது எழுத்து விளையாட்டுச் செய்யுள், வகை பன்னிரண்டில் கரந்துறைச் செய்யுள், அக்கரச்சுதகம், எழுத்துவருத்தனம், மாலைமாற்று எல்லாம் இருக்கின்றன. ஒளிப்பது, எழுத்தைக் கழிப்பது, எழுத்தைக் கூட்டுவது, திருப்பிப் படிப்பது என்று குறிப்பின் வகைகளுக்கு அவற்றையே வைக்கலாம். துண்டு துண்டாக விடை கண்டு ஒட்டுவதற்கு வினாவுத்தரத்தை விடப் பொருத்தமான பேர் கிடைக்காது. பாருங்கள்:

பயணத்தின் தொடக்கம், துளை, ரயில் பாதையின் முடிவு (3)

பயணத்தின் முதல் எழுத்து ப, அதோடு துளை. பாதை முடியும் ஊர் பதுளை. இதில் ‘தொடக்கம்’ மட்டும் கைகாட்டி. ஒட்டுவதற்குக் கைகாட்டி தேவையில்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்பதே போதும். ஆனால் ஐயா, அந்தப் பன்னிரண்டும் வகைகளின் பெயர்கள். வகையை அறிவிக்கும் உறுப்புக்கு அவற்றில் பெயர் இல்லை. அந்த இடத்தைத்தான் நிரப்பப் பார்க்கிறோம்.

கூட்டுச்சொல் ஆக்குவதிலும் சிரமம் இல்லை: கலைக்கும் கைகாட்டி, வெட்டும் கைகாட்டி, திருப்பும் கைகாட்டி, ஒளிக்கும் கைகாட்டி. பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொன்று. விடையை எழுதிவிட்டு அது எப்படி வந்தது என்று காட்டுவதற்கு ‘விளக்கம்’ என்று எழுதி வருகிறோம். அது ரொம்பப் பொதுவான சொல். யாழ்ப்பாணத்தில் நொடி, எங்களிடம் விடுகதை, எதுவானாலும் அவிழ்ப்பது என்றுதானே சொல்கிறோம்? ‘அவிழ்ப்பு’ என்று வைப்போம். விடை சரியாக இருந்து அவிழ்ப்பு தவறாகப் போவது எங்கள் வகுப்பில் அடிக்கடி நடக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு சொல் கட்டாயம் வேண்டும்.

அடுத்த ஞாயிறு பலகையில் எழுதப் போவது இது:

நிலைகுலைந்த தருமம் வயல்வெளி (4)

விடை உடனே தெரிந்துவிடும். அவிழ்ப்பை எழுதும்போது எது கைகாட்டி என்று தனியே குறித்து அனுப்புங்கள். வருகிற பதில்களைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.