அம்பின் இன்சேர்ட் கழன்று இலக்குக்குள்ளே நிற்கிறது, கார்பன் நுனி பிளக்கிறது: குறைந்த செலவில் எது நின்று பிடிக்கும்?

வெண்வால்:

வணக்கம். ஒன்ராறியோ மான் சீசனுக்கு முன் ஒரு டசின் அம்பைச் சரிப்படுத்த வேணும்.

வில் கொம்பவுண்ட் (கப்பி வில்), இழுவிசை 60 இறாத்தல், இழுவை நீளம் 28 அங்குலம். தண்டு கார்பன், 340 ஸ்பைன் (தண்டின் விறைப்பு எண், எண் குறையக் குறைய விறைப்பு கூடும்), உள்விட்டம் 0.246 அங்குலம், வெட்டிய நீளம் 28 அங்குலம். இன்சேர்ட் (தண்டின் வாய்க்குள் ஒட்டி, முனையைத் திருகிப் பூட்டுகிற குழல்) அலுமினியம், 12 கிரெய்ன் (அம்புக்குப் பாவிக்கிற சிறு எடை அலகு), ஹொட் மெல்ட் பசையால் ஒட்டியது. முனை 100 கிரெய்ன்.

1. ஃபோம் இலக்கிலிருந்து இழுக்கும்போது மூன்று அம்பில் இன்சேர்ட்டும் முனையும் உள்ளே நின்றுவிட்டன.
2. இலக்கின் மரச்சட்டத்தில் பட்ட இரண்டு அம்புகளின் நுனியில் நீளவாக்கில் கீறல்.
3. ஃபீல்ட் பாயிண்ட் (பயிற்சி முனை) 30 யாரில் ஒரே இடத்தில் சேருது. பிரோட்ஹெட் (தகடுள்ள வேட்டை முனை) போட்டால் சில அம்புகள் மட்டும் ஒவ்வொரு பக்கமாகப் போகுது.

4 மி.மீ. தண்டுக்கும் டைட்டேனியம் ஹாஃப் அவுட் இன்சேர்ட்டுக்கும் மாறச் சொல்லுகினம். 60 டொலருக்கு மேல் செலவழிக்க ஏலாது. என்ன செய்யலாம்?

கரிக்கோல்:

தண்டை மாற்ற வேண்டாம். உங்கள் மூன்று சிக்கலுக்கும் மூன்று வேறு காரணம், இன்சேர்ட்டின் உலோகம் அதில் ஒன்றுக்கும் காரணமில்லை.

முதலாவது பசை. வேகமாக ஃபோமுக்குள் போகும் அம்பு உரசலில் சூடாகும், ஹொட் மெல்ட் அந்தச் சூட்டிலேயே இளகும். அதே நேரம் ஃபோம் தண்டை இறுக்கிப் பிடிக்கும். நீங்கள் இழுக்க, இளகின இடம் விட்டுக்கொடுக்கும். சூப்பர் குளூவுக்கு மாறினாலும் முழுத் தீர்வில்லை, அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி, அடி பட்டால் நொறுங்கும். இரண்டு பாகம் கலக்கிற எப்பொக்சி வாங்குங்கோ. 5 நிமிச வகை வேண்டாம், 24 மணித்தியாலத்தில் இறுகிற வகைதான் அடியைத் தாங்கும்.

ஒட்டுகிற முறை:

கழன்ற இன்சேர்ட்டின் பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுங்கோ. வெளிப்புறத்தை 220 உப்புத்தாளால் மங்கலாகும் வரை தேயுங்கோ. பிறகு ஐசோபுரோபைல் அல்ககோலில் (91% அல்லது 99%) துடைத்து, அதற்குப் பிறகு விரல் படாமல் வைக்க வேணும். தண்டின் உள்பக்கத்துக்கும் அதே அல்ககோலில் நனைத்த காதுக்குச்சி. குச்சியில் கறுப்பு ஒட்டாமல் வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கோ. அந்தக் கறுப்பு வெட்டும்போது வந்த கார்பன் தூள், அதன்மேல் போட்ட பசை தூளைத்தான் பிடிக்கும், தண்டைப் பிடிக்காது. அசிட்டோன் உள்ளே ஊற்றாதேங்கோ, கார்பனைக் கட்டியிருக்கிற ரெசினுக்கு நல்லதில்லை.

இன்சேர்ட்டைத் தள்ளுமுன் பின்பக்க நொக்கை (நாணில் கொழுவுகிற துண்டு) கழற்றிவிடுங்கோ. இது பலர் விடுகிற பிழை. நொக் இருந்தால் உள்ளே அடைபட்ட காற்று, ஈரப்பசையில் இருக்கிற இன்சேர்ட்டை மெல்ல வெளியே தள்ளும். காலையில் பார்த்தால் அரை மில்லிமீற்றர் இடைவெளி நிற்கும்.

தண்டின் உள்வாயில் மெல்லிய வளையமாகக் கொஞ்சம், இன்சேர்ட்டின் மேல் கொஞ்சம். சுழற்றிச் சுழற்றித் தள்ளினால் பசை எல்லாப் பக்கமும் பரவும். வழிந்ததைத் துடைத்து, முனைப்பக்கம் கீழே இருக்க நிறுத்துங்கோ, மேலே இருந்தால் பசை தண்டுக்குள் ஓடும். குளிர்ந்த கராஜில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கோ, குளிரில் எப்பொக்சி இறுகுவது மிகவும் பிந்தும்.

நேர்நுனி:

மூன்றாவது சிக்கலைப் பற்றி. எல்லா அம்பும் ஒரே பக்கம் விலகினால் அது வில்லின் ட்யூனிங், ரெஸ்டை (வில்லில் அம்பைத் தாங்கும் பகுதி) மிகச் சிறிதாக நகர்த்திச் சரிசெய்யலாம். சில அம்புகள் மட்டும் ஒவ்வொரு திசையில் விலகுவது நுனி செங்குத்தாக இல்லாததன் அடையாளம். ஃபீல்ட் பாயிண்ட் அந்தக் கோணலை மறைத்துவிடும். பிரோட்ஹெட்டின் தகடுகள் முன்பக்கத்தில் இறகுபோல் வேலை செய்வதால் சிறு கோணலும் பாதையைத் திருப்பும்.

பிரோட்ஹெட் பூட்டிய அம்பை ஸ்பின்னரில் (அம்பைச் சுழலவிடும் தாங்கி) வைத்துச் சுழற்றுங்கள். கூர் ஓர் இடத்தில் நிற்காமல் வட்டம் போட்டால் அந்த அம்பு தேறாது. முதலில் வேறொரு பிரோட்ஹெட்டை மாற்றிப் பாருங்கள், சில நேரம் குற்றம் அதனுடையது.

நுனியைச் சமப்படுத்த, தண்டைத் தாங்கி உப்புத்தாளில் செங்குத்தாக உரசும் சிறு கருவி விற்கிறது. தண்டு நுனியில் வெள்ளி மார்க்கரால் வட்டம் தடவி, மை முழுவதும் ஒரே சீராக அழியும் வரை சுழற்றினால் போதும். இன்சேர்ட் ஒட்டிக் காய்ந்தபின் அதன் விளிம்பிலும் ஒருமுறை அப்படியே செய்யுங்கள். 60 டொலரில் முதலில் வாங்கவேண்டியது இந்தக் கருவிதான். டைட்டேனியம் இன்சேர்ட்டைக் கோணல் நுனியில் ஒட்டினால் அதுவும் கோணலாகத்தான் நிற்கும்.

கீறல் விழுந்த இரண்டையும் எந்தப் பசையாலும் ஒட்டி எய்யாதீர்கள். விடும் கணத்தில் கார்பன் உடைந்தால் சிலாம்பு வில் பிடித்த கைக்குள் ஏறும். மற்றப் பத்தையும் காதருகே வைத்து, மெதுவாக வளைத்து, கால் சுற்றுத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நறநறவென்ற ஓசை கேட்டால், அல்லது தண்டின்மேல் ஓடவிட்ட பஞ்சு எங்காவது சிக்கினால், அந்த அம்பை முறித்தே போடுங்கள்.

வெண்வால்:

மிச்சம் பத்தும் சத்தமில்லை, பஞ்சும் சிக்கவில்லை. ஆனால் எப்பொக்சி போட்டாலும் திரும்ப மரத்தில் அல்லது எலும்பில் பட்டால் நுனி பிளக்கும்தானே? பித்தளை இன்சேர்ட் போட்டால் நிற்குமா?

கரிக்கோல்:

பித்தளை எடைக்காகப் போடுவது. கார்பன் பிளப்பது இன்சேர்ட் பலமில்லாததால் இல்லை. அடி படும்போது முனை பின்னால் தள்ளும், பக்கவாட்டிலும் நெம்பும், அந்த விசையில் குழாயின் வாய் வெளிப்பக்கமாக விரியும். வாயை வெளியில் இருந்து ஒரு பூண் பிடித்தால்தான் நிற்கும். உலக்கைக்குப் பூண் போடுவதும் இதற்குத்தான்.

கடையில் விற்கிற கொலர் (உலோகப் பூண்) நல்லது, ஆனால் ஒரு டசின் உங்கள் பணத்தை முடிச்சுவிடும். பழைய அலுமினிய அம்புத் தண்டு ஒன்று எடுங்கோ. அதன் எண்ணிலேயே அளவு இருக்கு: முதல் இரண்டு இலக்கம் வெளிவிட்டம், 64-இல் எத்தனை பங்கு அங்குலம் என்று. கடைசி இரண்டு சுவர்த் தடிப்பு, ஆயிரத்தில் எத்தனை பங்கு அங்குலம் என்று. 2117 என்றால் வெளிவிட்டம் 21/64, அதாவது 0.328. சுவர் 0.017, இரு பக்கமும் 0.034. கழித்தால் உள்விட்டம் 0.294. 2115 என்றால் 0.298. உங்கள் தண்டின் வெளிவிட்டத்தை வேர்னியரில் அளந்து, அதைவிட 0.002 முதல் 0.004 வரை கூடின உள்விட்டம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கோ. அளக்காமல் வாங்காதேங்கோ, ஒரே உள்விட்டமுள்ள தண்டுகளிலும் ஸ்பைனுக்கு ஏற்ப வெளிவிட்டம் மாறும்.

ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி, உள்விளிம்பின் பிசிறை எடுத்து, உள்ளேயும் தண்டின் வெளியேயும் இலேசாகத் தேய்த்து, அதே எப்பொக்சியால் நுனியோடு சமமாக ஒட்டுங்கோ. 2117-இல் ஒரு அங்குலம் சுமார் 12 கிரெய்ன். பத்து அம்புக்குப் பத்து அங்குலம், ஒரு தண்டே மிஞ்சும்.

நேர்நுனி:

எடை கூட்டுவதாக இருந்தால் ஸ்பைனையும் பாருங்கள். முன்னால் எடை ஏற ஏற, விடும்போது தண்டு கூடுதலாக வளையும். 60 இறாத்தல், 28 அங்குலத்துக்கு 340 கொஞ்சம் விறைப்பான பக்கம்தான், அதனால் 50 கிரெய்ன் பித்தளைக்கும் பூணுக்கும் இடமுண்டு. 100 கிரெய்ன் பித்தளைக்குப் போனால் 300 ஸ்பைன் தேவைப்படலாம், அது புதுத் தண்டுச் செலவு.

தண்டு அங்குலத்துக்கு 9 கிரெய்ன், நொக்கும் இறகும் சேர்த்து 30 என்று வைத்தால் இப்போது அம்பு சுமார் 394 கிரெய்ன், முன்பாரம் (சமநிலைப் புள்ளி அம்பின் நடுவிலிருந்து முன்னால் தள்ளி நிற்கும் தூரம், நீளத்தின் சதவீதமாக) ஏறத்தாழ 11 சதவீதம். 50 கிரெய்ன் பித்தளையும் பூணும் போட்டால் 444 கிரெய்ன், 15 சதவீதம். வேகம் குறைவதால் வில்லில் குறிபார்க்கும் 30, 40 யார் பின்களைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

4 மி.மீ. யோசனையையும் சொல்லிவிடுகிறேன். அந்த அளவுத் தண்டுக்குள் வழக்கமான 8-32 மரை உள்ள இன்சேர்ட் அடங்காது, அதனால்தான் பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும் ஹாஃப் அவுட். மலிவான அலுமினிய ஹாஃப் அவுட் பக்கவாட்டு அடியில் வளையும். வளையாத எஃகும் டைட்டேனியமும் விலை அதிகம். 5 மி.மீ. தண்டில் ஈஸ்டனின் ஹிட் இன்சேர்ட் முழுவதும் உள்ளே மறையும், முனை நேரே கார்பன் வாயில் அமரும். ஆகவே அங்கும் கொலர் வேண்டியிருக்கும். கைவசம் 0.246 இருப்பவருக்கு அந்தத் தண்டிலேயே பூண் போடுவதுதான் மலிவான வழி.

ஆறாம்விரல்:

தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறேன். இங்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை, இலக்குப் பயிற்சி மட்டும்தான். ஒரு சந்தேகம் அண்ணா: எப்பொக்சி போட்ட இன்சேர்ட்டைப் பின்னாடி கழட்டணும்னா?

கரிக்கோல்:

பழைய ஃபீல்ட் பாயிண்ட் ஒன்றைப் பூட்டி, அதன் கூரை மட்டும் சிறு சுவாலையில் காட்டுங்கோ தம்பி. சுவாலை கார்பனில் படக்கூடாது, தண்டு கை பொறுக்காத சூடு ஆகவும் கூடாது. சில வினாடி சூடு, இடுக்கியால் திருப்பிப் பார்த்தல், வராவிட்டால் திரும்பச் சூடு. அவசரப்பட்டால் தண்டுதான் போகும்.

வெண்வால்:

நன்றி அண்ணை, நேர்நுனிக்கும் நன்றி. தண்டு அளந்தேன், வெளிவிட்டம் 0.295. அப்ப 2117 ஏறாது, 2115 தானே? முனை 5/16 தடிப்பு, பூண் அதைவிடப் பருமனாக நிற்குமே?

கரிக்கோல்:

ஓம், 2115. இரண்டுக்கும் வெளிவிட்டம் 21/64 தான். 5/16 முனைக்குப் பின்னால் ஒவ்வொரு பக்கமும் 0.008 அங்குலம் படி நிற்கும், ஃபோமில் இழுக்கக் கடினமாக இருக்கும். பயிற்சிக்கு 21/64 தடிப்பில் 100 கிரெய்ன் ஃபீல்ட் பாயிண்ட் கேட்டு வாங்குங்கோ, பூணோடு சமமாக வரும். பிரோட்ஹெட்டுக்கு அந்தப் படி தடையில்லை, தகடு வெட்டின வழியால் பூண் போய்விடும். பூணின் பின்விளிம்பை மட்டும் அரத்தால் சரிவாக்கிவிடுங்கோ, இழுக்கும்போது ஃபோமைக் கொழுவிப் பிடிப்பது அந்த விளிம்புதான்.